எம்.டி.எஸ். ஓரல் பெத்தாலஜியா, எம்.எஸ். ஓரல் பயாலஜியா?

பி.டி.எஸ். முடித்துவிட்டு ஆய்வுப் பக்கம் சாயும் பல் மருத்துவருக்கு இரண்டு வழி: இந்தியாவில் எம்.டி.எஸ். ஓரல் பெத்தாலஜி (வாய் நோய்க்குறியியல்), அமெரிக்காவில் எம்.எஸ். ஓரல் பயாலஜி (வாய் உயிரியல்).

முதலாவதற்கு நீட் எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்; 3 ஆண்டு. திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகுத் துண்டை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4, 5 மைக்ரான் தடிமனுக்குச் சீவி, சாயமேற்றி, புகையிலை அடக்கிய கன்னத்தின் சதைக்குள் புற்று இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அன்றாட வேலை.

இரண்டாவது பெரும்பாலும் 2 ஆண்டு. அங்கே கேள்வியே வேறு: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈறுநோய்க் கிருமி இருக்குமிடத்தில் எலும்பு ஏன் கரைகிறது? ஆக்சிஜன் இல்லாத பெட்டிக்குள் கையுறை வழியே கைவிட்டு வேலை செய்து, ரத்த அகார் என்ற வளர்ப்புக் கூழில் அது கறுப்பாகத் திரளும்வரை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த எம்.எஸ்.ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஒரு பல்கூடப் பிடுங்க முடியாது. உரிமத்துக்கு ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியப் பல் மருத்துவத் தேர்வு, அப்புறம் வழக்கமாக அங்குள்ள பல் மருத்துவப் பட்டமான டி.டி.எஸ். படிப்பு என்று தனிப் பாதை. ஊர் திரும்பினாலும் அது எம்.டி.எஸ்.ஸுக்கு ஈடாகாது. செலவும் பெரும்பாலும் கைக்காசுதான்.

இங்கே கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணமிருந்தால் என் ஓட்டு எம்.டி.எஸ்.ஸுக்கு. கிருமிதான் பிடிக்கும் என்றால், உதவித்தொகை கிடைக்கும் பிஎச்.டி.க்கே நேராக விண்ணப்பித்துப் பார்க்கலாம்.