ரங்கூனில் எந்த வாட்ச் கட்டலாம்? கேசியோ முதல் ரோலெக்ஸ் வரை

மணி பார்க்க மட்டும் என்றால் இருபது டாலர் கேசியோவோடு பேச்சு முடிந்தது. அது மாதத்துக்கு அரை நிமிடம் முன்பின் ஓடும். ரோலெக்ஸ் நாளொன்றுக்கு இரண்டு நொடிக்குள் நிற்கும் என்று கம்பெனி சொல்கிறது. மாதக் கணக்கில் அது ஒரு நிமிடம் வரை போகலாம். ஆக, நேரத்தில் மலிவு வாட்ச்தான் கெட்டி. ஆனாலும் மாப்பிள்ளைக்குப் பிளாஸ்டிக் கேசியோ கட்டி மணவறையில் உட்கார வைக்க எந்த மாமனாருக்கும் மனசு வராது. வேலைக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று பிரித்துப் பார்ப்பதுதான் சரி. விலைகளை டாலரில், அதுவும் தோராயமாகச் சொல்கிறோம். பர்மாப் பணமான கியாத்தில் எழுதினால் மை காய்வதற்குள் கணக்கு மாறிவிடுகிறது.

வேலைக்குக் கட்ட எங்கள் தேர்வு கேசியோ ஏஇ-1200. நாற்பது டாலர் அளவில் கிடைக்கும். காரணம் அழகு இல்லை, அரை மணி நேரம். பர்மாவின் நேரம் கிரீன்விச்சுக்கு 6 மணி 30 நிமிடம் முன்னால். சென்னை 5.30, பாங்காக் 7, சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 8. சென்னையோடு பேச ஒரு மணி நேரத்தைக் கழித்தால் போதும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியைக் கூப்பிட ஒன்றரை மணி கூட்ட வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இது தப்பாமல் இருக்காது. இந்த வாட்சின் நகரப் பட்டியலில் ரங்கூன் தனியாகவே இருக்கிறது. குறியீடு ஆர்.ஜி.என்., அதாவது யாங்கோன் அல்ல, இன்னமும் பழைய பெயர்தான். டெல்லிக்கு டி.இ.எல்., சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என்.

அமைக்கும்போது ஒரு வரிசை உண்டு. இடப்பக்கம் மேலே உள்ள பொத்தானை எண்கள் மினுக்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். முதலில் ஊரை ஆர்.ஜி.என். ஆக்குங்கள், அதற்குப் பிறகுதான் மணியைத் திருத்துங்கள். கடையில் தந்தபோது ஊர் டோக்கியோவிலோ லண்டனிலோ நிற்கும். பலர் ஊரைத் தொடாமல் மணியை மட்டும் மாற்றி வைத்துவிட்டு, "உலக நேரம் தப்பாகக் காட்டுகிறது, வாட்ச் சரியில்லை" என்று கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறார்கள். வாட்சில் கோளாறு இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது.

குறைகளும் இருக்கின்றன. எஃகு மாதிரி மின்னும் கேஸ், அதாவது வெளிக்கூடு, பூச்சுப் போட்ட பிளாஸ்டிக். இரவு விளக்கு ஒரு ஓரத்திலிருந்து மட்டும் அடிக்கும், மறு ஓரம் மங்கல். கரண்ட் போன படிக்கட்டில் மணி தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. சாய்த்துப் பார்த்தால் எண்கள் மறைகின்றன. வாட்ச் ஓடிக்கொண்டே இருக்கும்போது வார் ஓட்டை பக்கம் விரிந்து அறுந்துவிடும். செல் பத்து வருடம் தாங்கும் என்கிறார்கள். அலாரத்தையும் விளக்கையும் அடிக்கடி போடுகிறவர்கள் ஏழெட்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதே அரை மணி நேரம் பணக்கார வாட்சுகளைப் படுத்தும் பாடு தனி வேடிக்கை. ரோலெக்ஸ் ஜிஎம்டி மாஸ்டர் 2-ல் இன்னொரு ஊரின் நேரம் காட்ட 24 மணி முள் ஒன்று உண்டு. மணி முள் மணிக்கு மணியாகத்தான் தாவும். சுற்று வளையத்துக்கும் 24 கிளிக்தான். ரங்கூனில் இருந்துகொண்டு சென்னை நேரத்தை அதில் வைத்தால் பிசகே இல்லை. சிங்கப்பூரை வைத்தால் அரை மணி இடிக்கும், லண்டனும் அப்படியே. அதன் தம்பி கம்பெனியான டியூடரின் பிளாக் பே ஜிஎம்டியில் வளையத்துக்கு 48 கிளிக் கொடுத்திருக்கிறார்கள், அரை மணியையும் நிறுத்தலாம். அண்ணனை விடத் தம்பி இந்த ஊருக்குத் தோதானவர். ஆனாலும் கையைப் பார்த்து மரியாதை கொடுக்கிறவர்களுக்கு டியூடர் என்றால் யாரென்றே தெரியாது.

கேசியோ எஃப்-91டபிள்யூ பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1989-ல் வந்தது, எடை 21 கிராம், செல் ஏழு வருடம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும், திருட்டுப் பயமில்லாமல் பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கும் இதற்கு மேல் வேண்டாம். லீப் வருடத்தில் மட்டும் பிப்ரவரி 29 அன்று தேதியை நாமே திருத்த வேண்டும், அதற்கு அது தெரியாது. அசலா என்று பார்க்க வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்று எழுத்து வரும். வராவிட்டால் நிச்சயம் போலி. வந்தாலும் அசல் என்று சத்தியம் செய்ய முடியாது, நல்ல போலிகள் இதையும் கற்றுக்கொண்டுவிட்டன.

இனி தண்ணீர். ஏப்ரலில் திங்ஜான் என்னும் தண்ணீர்த் திருவிழா, அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மழைக்காலம். இந்த ஊரில் வாட்ச் சாவது முக்கால்வாசி தண்ணீரால்தான். பின்மூடியில் 30 மீட்டர் என்றிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று பொருளில்லை. அசையாத தண்ணீரில் 3 பார் அழுத்தம் தாங்கும் என்பது சோதனைச்சாலைக் கணக்கு. நடைமுறையில் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். 50 மீட்டர் என்றால் நிதானமாக நீந்தலாம். திங்ஜான் மேடையிலிருந்து குழாயால் பீய்ச்சுகிறவர்கள் முன்னால் நிற்க 100 மீட்டர் வாட்ச் வேண்டும். ஏஇ-1200 இந்த வகை. எஃப்-91டபிள்யூவில் தண்ணீர் தாங்கும் என்ற வார்த்தை மட்டும் இருக்கும், மீட்டர் இருக்காது. அதை 30 மீட்டராகவே எடுத்துக்கொள்ளுங்கள். நனைந்திருக்கும்போது எந்த வாட்சிலும் பொத்தானை அழுத்தக் கூடாது. அழுத்தும் அந்த நொடியில்தான் தண்டோடு சேர்ந்து தண்ணீர் உள்ளே போகிறது. சாவியை இழுத்து வைத்துவிட்டு மறந்து போகிறவர்களும் உண்டு.

திங்ஜான் தண்ணீர் எல்லாம் குழாய்த் தண்ணீர் இல்லை. ஏரியிலிருந்து இறைத்ததும் அதில் சேரும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பொத்தான் இடுக்கில் மண் தங்கி ரப்பரைத் தின்னும். கண்ணாடிக்கு உட்பக்கம் பனி பிடித்தால் அரிசிப் பானையில் புதைப்பது வீண் வேலை, வெயிலில் காயவைப்பதும் அப்படித்தான். சூட்டில் ஈரம் உள்ளுக்குள்ளேயே ஆவியாகித் திரும்பவும் படியும். அன்றைக்கே பின்மூடியைத் திறந்து, செல்லை எடுத்துவிட்டு, மெல்லக் காற்றில் உலர்த்த வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் செல் முனையில் பச்சை பூத்துவிடும்.

செல் மாற்றும் இடத்திலும் கண் வேண்டும். நடைபாதையில் கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகளில் கெட்டிக்காரர்கள் நிறைய. அவசரத்தில் மூன்று விஷயம் தவறும். முதலாவது, முள் வாட்சுக்குப் போட வேண்டிய எஸ்ஆர்626 செல்லுக்குப் பதில் அதே அளவுள்ள ஏஜி4-ஐப் போட்டுவிடுவது. முன்னது வெள்ளி ஆக்சைடு, கடைசி வரை ஒரே மின்னழுத்தம் தரும். பின்னது ஆல்கலைன், விலை சொற்பம். அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், தீர்ந்த பிறகு கசிந்து உள்ளே இருப்பதை அரிக்கும். செல்லின் மேல் எஸ்ஆர் என்ற எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூட விடுங்கள். இரண்டாவது, பின்மூடியின் ரப்பர் வளையம் பள்ளத்தில் சரியாக உட்காராமல் நசுங்குவது. அதோடு தண்ணீர் காப்பு முடிந்தது. மூன்றாவது கேசியோ டிஜிட்டலுக்கே உரியது. பின்மூடிக்குக் கீழே மயிரிழை போல ஒரு சின்ன ஸ்பிரிங் நிற்கும். அது தவறி விழுந்தால் வாட்ச் ஓடும், அலாரம் ஊமையாகிவிடும். புதுச் செல் போட்டதும் திரையில் கோணல் மாணலாக எழுத்து வந்தால் பயப்பட வேண்டாம். ஏசி என்று குறித்த புள்ளியையும் செல்லின் மேல்பக்கத்தையும் இடுக்கியால் இரண்டு நொடி சேர்த்துத் தொட்டால் சரியாகும்.

விசேஷத்துக்கு வருவோம். மாப்பிள்ளை வாட்ச் என்றால் தங்க நிறம் என்று ஒரு பழக்கம். வாங்குவதற்கு முன் பின்மூடியைத் திருப்பிப் படியுங்கள். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று மட்டும் இருந்தால் மூடி மட்டுமே எஃகு. கேஸ் பித்தளை போன்ற மட்ட உலோகம், மேலே முலாம். இந்த ஊர் வியர்வையில் முலாம் முதலில் போவது வார் மாட்டும் காதுகளிலும் செயின் கொக்கியிலும். பிறகு மணிக்கட்டில் பச்சைக் கறை, சிலருக்கு அரிப்பு. கேஸ் முழுவதும் எஃகு என்று போட்டிருந்தால் பூச்சு போனாலும் தோலுக்குக் கேடில்லை. தோல் வாரை மழைக்காலத்தில் அலமாரிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், எஃகுச் செயினே மேல்.

விசேஷ வாட்சுக்கு எங்கள் சிபாரிசு செய்கோ 5. 1963-லிருந்து வரும் வரிசை, கை அசைவிலேயே சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில். 2019-ல் வந்த 5 ஸ்போர்ட்ஸ் முந்நூறு டாலர் சுமார். 100 மீட்டர் தாங்கும், கையாலும் சாவி கொடுக்கலாம். நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்கு மேலேயே ஓடவோ பின்தங்கவோ கம்பெனி தனக்கு இடம் விட்டுக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட ஒழுங்காகவே ஓடும். சனிக்கிழமை மதியம் கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும், அது கோளாறு இல்லை. இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை தேதியைத் திருகக் கூடாது. அப்போது தேதிச் சக்கரத்தின் பல் மாட்டிக்கொண்டிருக்கும், திருகினால் உடையும். நன்றாக ஓடிய வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கும். காந்தம் வைத்த ஃபோன் உறையோ ஸ்பீக்கரோ பக்கத்தில் இருந்திருக்கும். திசைகாட்டியின் அருகில் கொண்டுபோனால் முள் துள்ளும். காந்தம் இறக்கும் கருவி உள்ள மெக்கானிக்கிடம் ஒரு நிமிட வேலை; "ஆயில் சர்வீஸ் பண்ணணும்" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

பழைய செய்கோ 5 மலிவாகக் கிடைத்தால் உஷார். பம்பாயில் டயலுக்குப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பது பெரிய தொழில். உறவுக்காரர்கள் சென்னை பர்மா பஜாரில் வாங்கி வந்ததும் இந்த ரகமாக இருக்கலாம். டயல் நிறம் ஆரஞ்சு, மயில் பச்சை என்று கண்ணைப் பறிக்கும், லென்ஸில் பார்த்தால் எழுத்தின் விளிம்பு கசிந்திருக்கும். பின்மூடியின் முதல் நான்கு எழுத்து இயந்திரத்தின் எண், உதாரணமாக 7எஸ்26. திறந்து பார்த்தால் உள்ளேயும் அதுவே இருக்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம்.

ரோலெக்ஸ். 1926-ல், நம் ஸ்காட் மார்க்கெட் எழுந்த அதே ஆண்டில், தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கேஸைக் கொண்டுவந்தார்கள். ரோலெக்ஸுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததில்லை. எஃகு உயர்ரகம், புது மாடல் கழற்றி வைத்தாலும் எழுபது மணி நேரம் ஓடும், பத்து வருடத்துக்கு ஒரு சர்வீஸ் போதும். தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரில் அதை வாங்குகிறவர்கள் இயந்திரத்தை வாங்குவதில்லை. 1964-லும் 1985, 1987-லும் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட நாட்டில், கையில் கட்டிக்கொண்டு நடக்கக்கூடிய சொத்தின் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. வியப்பு, அதற்கு வாட்சைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு கியாத்தா தங்கத்தை, 16 கிராம் சொச்சத்தை, எந்த நகைக்கடையும் அன்றைய விலைக்கு எடுத்துக்கொள்ளும். ரோலெக்ஸுக்குப் பெட்டி எங்கே, அட்டை எங்கே, கொக்கியில் கீறலா என்று ஆயிரம் கேள்வி வரும். விற்கப் போன வீட்டில் அசல்தானா என்று சந்தேகப்பட்டால் கௌரவமும் சேர்ந்து போகும். சேமிப்பு என்றால் தங்கம் வாங்குங்கள். பந்தாவுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள், அது உங்கள் காசு. ஆனால் இரண்டையும் ஒரே பொருளில் தேட வேண்டாம்.

அப்படி வாங்கும்போது அங்கீகாரம் பெற்ற கடையின் அட்டையும் ஐந்து வருட உத்தரவாதமும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். பழையது என்றால் தேதிக்கு மேலுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பாருங்கள். அசலில் எண் இரண்டரை மடங்கு பெரிதாகி ஜன்னலை நிறைக்கும், போலியில் பெரும்பாலும் சின்னதாகவே நிற்கும். ரோலெக்ஸின் சப்மரைனர் மாடலுக்குக் கண்ணாடிப் பின்மூடி கிடையாது, உள்ளே சக்கரம் சுழல்வது தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். வரிசை எண் புது மாடல்களில் டயலைச் சுற்றியுள்ள உள்வளையத்தில் ஆறு மணிக்கு நேராகப் பொறித்திருக்கும். அட்டையில் உள்ள எண்ணோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். எல்லாம் பொருந்தினாலும் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல போலிகள் இப்போது வெளியில் பார்த்தால் பிடிபடுவதில்லை. திறக்க மறுப்பவரிடம் விலை பேசவே வேண்டாம்.