பைனரியில் 1-களை எண்ண எந்த வழி நல்லது?

40-ஐ பைனரியில் (0, 1 மட்டும் வைத்து எண்ணை எழுதும் முறை) எழுதினால் 101000. அதில் 1 எத்தனை? இரண்டு. இதை நிரலாக எழுதச் சொன்னால் பலரும் முதலில் பிடிப்பது ஷிஃப்ட் வழியை: கடைசி பிட்டை (0 அல்லது 1 என்ற இலக்கத்தை) பார், 1 என்றால் கணக்கில் சேர், எண்ணை வலப்பக்கம் ஒரு இடம் தள்ளு, பூஜ்யம் ஆகும்வரை தொடர். 40-க்கு ஆறு சுற்று.

இன்னொன்று கணினி வல்லுநர் பிரையன் கெர்னிகன் பெயரில் புழங்கும் வழி (பீட்டர் வெக்னர் 1960-லேயே வெளியிட்டது). எண் & (எண் − 1) என்று செய்தால் (இரண்டு எண்ணிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 தருவது இந்தக் குறி) வலப்பக்கக் கடைசி 1 மட்டும் அழியும். 40 & 39 = 32, 32 & 31 = 0. இரண்டே சுற்று; சுற்றுகளின் எண்ணிக்கையே விடை. ஒன்றைக் கழிக்கும்போது அந்தக் கடைசி 1, 0 ஆகி, அதற்கு வலப்புறம் இருந்த 0 எல்லாம் 1 ஆகிவிடும். அதற்கு இடப்புறம் எதுவும் மாறாது. சூட்சுமம் அவ்வளவுதான். வேகத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம். எதேச்சையான 32 பிட் எண்ணில் சராசரியாக 16 ஒன்றுகள் இருக்கும், அதனால் சுற்றுகள் ஏறக்குறைய பாதிதான் குறையும்.

உண்மையான சோதனை நெகட்டிவ் எண்தான். ஜாவாவில் −1-இன் 32 பிட்டும் 1-தான். அதை வலப்பக்கம் தள்ளும் குறியான >> கொண்டு தள்ளினால் இடப்பக்கம் 1-ஆகவே நிரம்பும்; லூப் முடியவே முடியாது. >>> போட்டால் சரி, இடப்பக்கம் 0 நிரம்பும். கெர்னிகன் வழிக்கு அங்கே இந்தச் சிக்கலே இல்லை, 32 சுற்றில் நின்றுவிடும். ஆனால் அதே வழியைப் பைத்தானுக்குக் கொண்டுபோனால் கதை வேறு. அங்கே முழு எண்ணுக்கு நீள வரம்பு இல்லாததால், நெகட்டிவ் எண் கொடுத்தால் இரண்டு வழியுமே சுற்றிக்கொண்டே இருக்கும்.

256 விடைகளை முன்கூட்டியே போட்டுவைத்து, எட்டு எட்டு பிட்டாகப் பார்க்கும் அட்டவணை வழியும் உண்டு. இன்று அதற்குப் பெரிய தேவை இல்லை.

வேலைக்கு எழுதும் நிரல் என்றால் மொழியோடு வரும் ஃபங்ஷனையே எடுப்பேன். இதற்கென்றே தனி கட்டளை உள்ள பிராசஸர்களில் அதை மிஞ்சுவது கஷ்டம். அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: −5-க்கு ஜாவாவின் ஃபங்ஷன் 31 தரும், பைத்தான் 3.10-இல் வந்தது 2 தரும். முன்னது 32 பிட் வடிவத்தை எண்ணுகிறது, பின்னது குறியை விட்டுவிட்டு 5-ஐ எண்ணுகிறது. கணக்கு எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். நேர்காணலில் என்றால் கெர்னிகன் வழிதான் என் தேர்வு.