9.3×62 தோட்டா: கிட்டக்க சுடறவங்களுக்கு என் ரிவ்யூ

லீவுக்கு ஆஸ்திரேலியாவுல இருந்து தேன்கனிக்கோட்டை வந்து திண்ணையில உக்காந்தா போதும், மாமா ஆரம்பிச்சிடுவாரு, "அங்க என்ன துப்பாக்கிடா வெச்சிருக்க, என்ன குண்டு போடற"ன்னு. இந்த வாட்டி அவருக்கு ரெண்டு மணி நேரம் வெலாவாரியா சொன்னேன், அதையே இங்க எழுதறேன், ஏன்னா நம்ம பக்கத்து பசங்க ஆஸ்திரேலியா நியூசிலாந்துன்னு போயி லைசென்ஸ் எடுத்துட்டு எந்த கேலிபர், அதாவது எந்த அளவு குண்டு போடற துப்பாக்கி வாங்கறதுன்னு கேட்டுட்டே இருக்காங்க.

மொதல்லயே சொல்லிடறேன், இது நம்ம ஊரு காட்டுக்கு இல்லீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் இங்க வேட்டைன்றதே கெடையாது, அப்படியே இருக்கணும்னுதான் நானும் சொல்லுவேன். நான் பேசறது ஆஸ்திரேலியாவோட விக்டோரியா மாநிலத்தப் பத்தி. 1860கள்ல வெள்ளக்காரங்க கொண்டு போயி விட்ட கடமான் அங்க பெருகி அந்த மண்ணோட செடி கொடியெல்லாம் மேஞ்சு நாசம் பண்ணுது, கேம் லைசென்ஸ், அதாவது வேட்டை லைசென்ஸ் எடுத்தா சுடலாம். அய்யூர் பக்கம் ராத்திரி பஸ்ஸு லைட்டுல கண்ணு பளபளன்னு நிக்குமே, அதே கடமான்தான், தெக்கத்தி ஆளுங்க மிளான்னு சொல்லுவாங்க. பெரிய கிடா 200 கிலோவுக்கு மேல சாதாரணமா வரும். அதனால அந்த ஊரு சட்டத்துலயே கடமானுக்கு 270க்கு (0.270 அங்குலம்) குறைஞ்ச கேலிபர் கூடாது, குண்டோட எடை 130 கிரெய்னுக்கு (ஒரு கிராமுக்கு சுமார் 15 கிரெய்ன்) குறையக்கூடாதுன்னு இருக்கு.

எனக்கு மொதல்ல இருந்தது 308 கேலிபர் துப்பாக்கி. நல்ல தோட்டா, அதுல குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா நான் போட்டது 150 கிரெய்ன் சாதாரண சாஃப்ட் பாயின்ட், அதாவது மூக்குல ஈயம் வெளிய தெரியற குண்டு. ஓடைப் பள்ளத்துல முள்ளு மண்டிக்கெடக்கற எடத்துல நாப்பது அடி தூரத்துல ஒரு கிடா எந்திரிச்சுது, தோள்ல அடிச்சேன், பட்டுச்சு, ஆனா ஓடிடுச்சு. வெளிய வந்த ஓட்டையே இல்ல, ரத்தம் ஒரு சொட்டு அங்க ஒரு சொட்டு இங்க, நாலு மணி நேரம் முட்டி போட்டு இலை இலையா தடவிப் பாத்து இருட்டறதுக்குள்ள கண்டுபுடிச்சப்ப அதுக்கு இன்னும் உசுரு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. அறுத்துப் பாத்தா குண்டு தோள் எலும்புலயே செதறிப் போயிருக்கு. கிட்டக்க சுடறப்ப குண்டோட வேகம் உச்சத்துல இருக்கும், மெல்லிசான லேசான குண்டு அந்த வேகத்துல எலும்புல மோதினா உள்ள போறதுக்கு முன்னாடியே ஒடஞ்சிடும். தூரத்துல சுடறவங்களுக்கு வேகம் வேணும், நாப்பது அம்பது மீட்டர்ல சுடற நமக்கு வேண்டியது கனம், அப்புறம் இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வெளிய வர்றது. ரெண்டு ஓட்டை இருந்தாத்தான் ரத்தத் தடம் கெடைக்கும், புதருக்குள்ள தடம் இல்லன்னா மிருகம் போச்சு.

அப்புறந்தான் மீடியம் போர், அதாவது இன்னும் கொஞ்சம் அகலமான குண்டு போடற துப்பாக்கி பக்கம் வந்தேன். 358 வின்செஸ்டர் பாத்தேன், 1955ல வந்தது, 308 கேஸோட (மருந்து நெறைக்கற பித்தளைக் கூடு) கழுத்த அகலமாக்கி பண்ணது, உதை கம்மி, ஆனா தோட்டா கெடைக்கறது கஷ்டம். 35 வீலனும் பாத்தேன், அது 30-06ன்ற பழைய அமெரிக்க தோட்டாவோட கேஸ்ல பண்ணது, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசில 9.3×62ல (9.3 மில்லிமீட்டர் குண்டு, 62 மில்லிமீட்டர் நீள கேஸ்) போயி நின்னேன், ஒரு பழைய மவுசர் போல்ட் ஆக்ஷன், அதாவது ஒவ்வொரு வாட்டியும் கையால கைப்பிடிய இழுத்து தோட்டா ஏத்தற ஜெர்மன் ரைபிள், செகண்ட் ஹேண்டுல அமைஞ்சுது. பெர்லின்ல ஓட்டோ பாக்னு ஒரு துப்பாக்கி ஆசாரி 1905ல பண்ண தோட்டா இது, ஆப்பிரிக்கா போற குடியேறிகளுக்கு சாதாரண மவுசர்லயே பெரிய மிருகத்த சமாளிக்கற மாதிரி. குண்டு 286 கிரெய்ன், வேகம் செகண்டுக்கு ஏறக்குறைய 720 மீட்டர். மாமாக்கு கிரெய்ன் கணக்கு புரியல, அதனால பவுன்ல சொன்னேன்: 150 கிரெய்ன்னா ஒரு பவுனும் சொச்சமும், இது ரெண்டேகால் பவுனுக்கு மேல. "அடேங்கப்பா, தாலிக்கொடி போடலாம்"னாரு.

ரெண்டு வருஷத்துல அஞ்சு கடமான். கடைசியா எடுத்தத சொல்றேன். விடியக்காலம், பெரணிச்செடி எல்லாம் நனைஞ்சு கெடக்கு, நான் பாக்கறதுக்கு முன்னாடி அது என்ன பாத்துட்டு "பாங்"னு ஒரு சத்தம் குடுத்துச்சு, நெஞ்சே அதிர்ந்துச்சு. முப்பது மீட்டர் இருக்கும், தோளுக்கு பின்னாடி ஒண்ணு வெச்சேன். பத்து பதினஞ்சு எட்டு போயி விழுந்துடுச்சு. போன வழியில பெரணி எலையில ரெண்டு பக்கமும் செவப்பா தெளிச்சு வெச்ச மாதிரி தடம், கொழந்தை கூட பின்னாடியே போயிருக்கும். கறியும் ரொம்ப ரத்தங்கட்டி வீணாகல.

ஒரு விஷயத்துல ஏமாறாதீங்க. பெரிய குண்டு புதர தொளச்சிட்டு நேரா போகும்னு நெறைய பேரு நம்பறாங்க, எந்த குண்டா இருந்தாலும் குச்சியில பட்டா திரும்பத்தான் செய்யும், கனமான குண்டும் திரும்பும். சந்து தெரியற வரைக்கும் காத்திருந்து சுடுங்க.

கனமான குண்டு நடுத்தர வேகம்ன்ற யோசனை நம்ம மண்ணுக்கும் புதுசு இல்ல. ஜவளகிரி, பென்னாகரம் பக்கமெல்லாம் ஆட்கொல்லிப் புலி பின்னாடி அலைஞ்ச வேட்டைக்காரரும் எழுத்தாளருமான கென்னத் ஆண்டர்சன் கையில வெச்சிருந்தது 405 வின்செஸ்டர், 1904ல வந்தது, 300 கிரெய்ன் குண்டு. உண்ணிச்செடிக்குள்ள இருந்து பாயறத பத்தடியில நிறுத்தறதுக்கு அவரு அத நம்பினாருன்னா எனக்கு காரணம் இப்ப நல்லா புரியுது.

9.3×62ல கொறைன்னா சுடறப்ப தோள்ல விழற உதைதான். 308ஐ விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சுட்டுப் பழகற ரேஞ்சுல இருபது ரவுண்டு போட்டா தோளு மூணு நாளைக்கு ஞாபகம் வெச்சிருக்கும், அதனால மூணரை கிலோவுக்கு கீழ இருக்கற லேசான ரைபிள்ல இத வாங்கவே வாங்காதீங்க. தோட்டா வெலையும் ஜாஸ்தி. குறி பாக்கற ஸ்கோப்பு ஒண்ணுல இருந்து நாலு மடங்கு பெருசா காட்டற பவர் போதும், அதுக்கு மேல போட்டா கிட்டக்க வெறும் மயிருதான் தெரியும், மிருகம் தெரியாது.

மாமாவோட கடலக்காட்ட போன வாரம் பன்னி ஒழப்பி வெச்சிருச்சு, "அந்த குண்டு இங்க கெடைக்குமா"ன்னு கேட்டாரு. மாமா, காட்டுல இருந்து 3 கிலோமீட்டர் தாண்டி வர்ற பன்னிய வனத்துறை ஆளுங்க மட்டுந்தான் சுடலாம்னு 2025 ஜனவரில அரசாங்கம் சொல்லியிருக்கு, மனு எழுதிக் குடுங்க, நானும் ரேஞ்சர் ஆபீசுக்கு கூட வர்றேன்னேன். நாளைக்கு காலைல போறோம்.

308 ஏற்கனவே வெச்சிருக்கவங்க அவசரப்பட்டு விக்காதீங்க. 180 கிரெய்ன் பாண்டட் குண்டு, அதாவது ஈயமும் செம்பு ஒறையும் சேத்து ஒட்ட வெச்சது, ஒரு பொட்டி வாங்கி ஒரு சீசன் போட்டுப் பாருங்க. எனக்கு அப்பவே யாராவது இத சொல்லியிருந்தா அந்த நாலு மணி நேரம் அந்த கிடா கஷ்டப்பட்டிருக்காது.