பெயர் கேட்ட பிறகே மணியடிக்கும் வீட்டு ஃபோன்: சில வருட அனுபவம்

லண்டன் ஹரோவில் அம்மா தனியாக இருக்கிறார். "உங்கள் இணைய இணைப்பு இன்று துண்டிக்கப்படும்", "வரிப் பாக்கிக்கு வழக்கு" என்று வந்த அழைப்புகள் அவரைப் பயமுறுத்தியதால், தெரியாத அழைப்புகளை வடிகட்டும் ஃபோன் ஒன்றை வாங்கி வைத்தேன். பிரிட்டனில் இதற்கு ட்ரூகால் என்ற தனிப்பெட்டி உண்டு. பிரிட்டிஷ் டெலிகாம் (பிடி) நிறுவனத்தின் கால் கார்டியன் ஃபோன்களுக்குள் அதே நுட்பம் சேர்ந்தே வருகிறது.

சேமித்து வைத்த இலக்கங்களிலிருந்து அழைத்தால் மணி நேரே அடிக்கும். மற்றவர்களிடம் இயந்திரக் குரல் பெயர் கேட்கும். பெயர் சொன்னால்தான் இங்கே மணி. எடுத்ததும் அந்தப் பெயர் காதில் கேட்கும். ஏற்பதா, தடுப்பதா என்று அம்மா ஒரு பொத்தானில் முடிவு செய்வார். பதிவு செய்த குரலை ஓடவிடும் அழைப்புகள் இந்தக் கேள்வியிலேயே நின்றுபோகின்றன. மோசடிக்காரர்களும் பெரும்பாலும் பெயர் சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், இந்தப் பெயர் கேட்கும் முறைக்காக மட்டுமே வாங்கலாம். தடுப்புப் பொத்தானை நம்பிப் பயனில்லை. மோசடிக்காரர்கள் ஒவ்வொரு முறையும் வேறு இலக்கத்தைப் போலியாகக் காட்டுவார்கள். விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்று இலக்கத்தைப் பதிந்துவைக்கும் டிபிஎஸ் பட்டியலில் பதிவதும் நல்லதுதான், ஆனால் அது சட்டத்தை மதிக்கும் விற்பனையாளர்களைத்தான் நிறுத்தும்.

எங்களைப் போன்ற வீடுகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து சின்னம்மா அழைத்தால் ஆங்கிலக் குரல் கேட்கிறது. பிழையான இலக்கம் என்று நினைத்து வைத்துவிடுகிறார். வெளிநாட்டு அழைப்புகளை மொத்தமாகத் தடுக்கும் வசதி எங்களுக்கு ஆகவே ஆகாது. ஊர் இலக்கங்களை 0094 சேர்த்துப் பதிந்தேன். அப்படியும் சில அழைப்புகள் வேறு இலக்கத்தில் வந்து விழும். அதனால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்கும்படி உறவுகள் எல்லோருக்கும் சொல்லி வைத்தோம். மருத்துவமனை அழைப்புகள் பல நேரம் இலக்கம் மறைத்தே வரும், அவற்றைத் தானாகத் தடுக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, இணைப்பில் அழைப்பவர் இலக்கம் காட்டும் சேவை இல்லாவிட்டால் வடிகட்டல் நடக்காது. 2027 ஜனவரி இறுதியில் பழைய தொலைபேசி வலையமைப்பு மூடப்படுகிறது. அதன் பிறகு அழைப்புகள் இணையம் வழியே வரும் என்பதால், இதே ஃபோனை ரௌட்டரின் தொலைபேசிச் சாக்கெட்டில் செருகிக்கொள்ளலாம். மின்சாரம் போனால் ரௌட்டரும் நின்றுவிடும் என்பதால், முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் சார்ஜ் ஏற்றிய கைத்தொலைபேசி ஒன்றும் கட்டாயம் வேண்டும்.