லைவ்ஏடிசியில் டவரை விடுங்கள், முதலில் கிரவுண்டைக் கேளுங்கள்

போன ஜூலையில் அம்மாவை ஊருக்கு அனுப்பிவைக்க நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். இடி மின்னலோடு மழை. அம்மா உள்ளே போய் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கழித்து போன் பண்ணி, "கிளம்பவே இல்லப்பா, அப்படியே நிக்குது, யாரும் ஒண்ணும் சொல்லல" என்றார். வரைபடச் செயலியில் பார்த்தால் அந்த விமானம் ஒரு மஞ்சள் புள்ளி, அசையவில்லை, அவ்வளவுதான். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்தபடியே லைவ்ஏடிசியைத் திறந்து, தரையில் விமானங்களை நகர்த்துகிறவர்கள் பேசும் ஜேஎஃப்கே கிரவுண்ட் அலைவரிசையைப் போட்டேன், ஐந்தே நிமிடத்தில் விஷயம் புரிந்துவிட்டது. மேற்கே போகும் வான்வழிகளைப் புயல் அடைத்திருந்தது. அம்மா போக வேண்டிய கிழக்கு வழி திறந்துதான் இருந்தது, ஆனால் மேற்கே போக வேண்டிய நான்கு விமானங்கள் முன்னால் வரிசையில் நின்றன. கிரவுண்டில் பேசிய பெண்மணி அவற்றை ஒவ்வொன்றாக வேறு டாக்ஸிவேக்கு (ஓடுபாதைக்குப் போகும் இணைப்புப் பாதை) ஒதுக்கி, பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார், குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "வழி கிடைச்சாச்சும்மா, இன்னும் கால் மணி நேரத்துல கிளம்பிடும்" என்று அம்மாவிடம் சொன்னேன். இந்தச் சேவையை நான் மனதாரப் பரிந்துரைப்பதற்கு அந்த ஒரு போன் போதும்.

தெரியாதவர்களுக்கு: லைவ்ஏடிசி என்பது விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ரேடியோவில் பேசுவதை இணையத்தில் கேட்க வைக்கும் சேவை. விமான நிலையங்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தன்னார்வலர்கள் வீட்டில் ஆன்டெனாவும் ரிசீவரும் வைத்து அனுப்பும் ஒலிதான் வருகிறது. இணையதளத்தில் கேட்பது இலவசம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஓடுபாதையில் ஏறவும் இறங்கவும் அனுமதி தரும் டவர் அலைவரிசைக்குத்தான் நேராகப் போவார்கள், ஏனென்றால் "கிளியர்ட் ஃபார் டேக்ஆஃப்" அங்கேதான் கேட்கும். என்னைக் கேட்டால் அது கடைசி வரி மட்டும்தான். விமானம் ஏன் கிளம்பவில்லை, எந்த ஓடுபாதைக்குப் போகிறது, யாருக்கு முன்னால் யார் என்பதெல்லாம் அதற்கு முன்பே ராம்ப்பிலும் கிரவுண்டிலும் முடிவாகிவிடுகிறது.

ராம்ப் என்றால் கேட்டைச் சுற்றி விமானங்கள் நிற்கிற, கிளம்பும்போது பின்னால் தள்ளப்படுகிற இடம். அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்கள் பலவற்றில் அங்கே பேசுகிறவர் எஃப்ஏஏ என்ற அரசு விமானப் போக்குவரத்து அமைப்பின் ஊழியர் இல்லை. அட்லாண்டாவில் டெல்டாவும் சார்லட்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் தங்கள் ஆட்களை வைத்தே ராம்ப் டவர் நடத்துகின்றன. ஜேஎஃப்கேயில் டெர்மினல் நடத்துகிறவர்களின் ஆட்கள். இவர்கள் ஓடுபாதையை ஒதுக்குவதில்லை, அது எஃப்ஏஏ வேலை. ஆனால் எந்த ஓடுபாதை என்று தெரியாமல் இவர்களால் ஒரு விமானத்தையும் ஒழுங்காகத் தள்ள முடியாது. அட்லாண்டாவை எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து இணையான ஓடுபாதைகள், இரண்டு வடக்கே, மூன்று தெற்கே, நடுவில் கேட்டுகள் வரிசையாக இருக்கும் கான்கோர்ஸ் கட்டடங்கள், அவற்றுக்கிடையே சந்து மாதிரி ராம்ப்கள். வடக்கு ஓடுபாதைக்குப் போக வேண்டிய விமானத்தை மூக்கு தெற்கே பார்க்கத் தள்ளிவிட்டால் அந்தச் சந்து முழுக்க அடைபடும். அதனால்தான் "டெயில் சவுத்" என்று வாலின் திசையையும் சேர்த்தே சொல்லி அனுமதி கொடுக்கிறார்கள். அப்புறம் ராம்ப்பின் எல்லைக்கு வந்ததும் விமானி அலைவரிசை மாற்றி கிரவுண்டைக் கூப்பிடுகிறார், அங்கிருந்து பொறுப்பு அரசுடையது.

ஜேஎஃப்கேயில் இன்னொன்று கவனித்தேன். 2010இல் அங்குள்ள மிக நீளமான ஓடுபாதையை, 14,511 அடி, புதுப்பிக்க நான்கு மாதம் மூடினார்கள். அப்போது எல்லோரும் இன்ஜினைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று எரிபொருளை வீணாக்காமல், கேட்டிலேயே இருந்து தங்கள் நேரம் வந்ததும் கிளம்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். பயணிகளுக்கு அது "கதவை மூடியும் கிளம்பவில்லை" என்று படும். உண்மையில் அவர்கள் வரிசையில்தான் இருக்கிறார்கள், வரிசை கணினியில் இருக்கிறது.

ஓடுபாதையைப் பெரும்பாலும் காற்று தீர்மானிக்கிறது, காற்றை எதிர்த்துத்தான் கிளம்ப வேண்டும். வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் "த்ரீ ஒன் லெஃப்ட் அட் கிலோ எக்கோ" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். த்ரீ ஒன் லெஃப்ட் (31L) என்பது மேலே சொன்ன அதே மிக நீளமான ஓடுபாதைதான், முழு நீளமும் போகாமல் நடுவில் கிலோ எக்கோ (KE) என்ற டாக்ஸிவே சந்திப்பிலிருந்து கிளம்பச் சொல்கிறார்கள். தொலைதூரம் போகும் கனமான விமானத்தின் விமானி சில நேரம் "எங்களுக்கு முழு நீளம் வேண்டும்" என்று கேட்பார். அந்த இரண்டு வினாடிப் பேச்சுவார்த்தையைக் கேட்பதற்காகவே நான் ராத்திரிகளில் உட்கார்ந்திருக்கிறேன்.

கட்டுப்பாட்டாளர் சொன்னதை விமானி அப்படியே திருப்பிச் சொல்லும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்றும், அது மட்டுமே போதாது என்றும் 2023 ஜனவரி 13 இரவு ஒலிப்பதிவு காட்டுகிறது. லண்டன் போக வேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போயிங் 777 ஒன்றிடம் 31 லெஃப்ட் ஓடுபாதையைக் கடக்கச் சொல்லியிருந்தார்கள். விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லியும், விமானம் தவறான டாக்ஸிவேயில் போய் 4 லெஃப்டைக் கடந்தது, அதே ஓடுபாதையில் டெல்டா 737 கிளம்ப ஓடிக்கொண்டிருந்தது. டவரில் இருந்தவர் டேக்ஆஃப் அனுமதியை உடனே ரத்து செய்தார், ஆயிரம் அடிக்கும் சற்று அதிகமான இடைவெளியில் டெல்டா நின்றது. கேட்கும்போது வயிறு கலங்குகிறது.

குறைகளும் உண்டு. பல ஒலியோடைகளில் ஒரே ரிசீவர் நாலைந்து அலைவரிசைகளை மாறி மாறித் தேடும், ஒன்றில் பேச்சு ஓடும்போது மற்றதில் பேசியது போய்விடும். அதனால் பட்டியலில் கிரவுண்ட் மட்டும் தனியாக இருக்கிற ஓடையைத் தேர்ந்தெடுங்கள். ராம்ப் எல்லா விமான நிலையங்களுக்கும் கிடைக்காது. ஆன்டெனா தள்ளி இருந்தால் வானில் இருக்கும் விமானியின் குரல் கேட்கும், கட்டுப்பாட்டாளரின் குரல் தேயும். பயண வழி அனுமதி இப்போது எழுத்துச் செய்தியாகவே காக்பிட்டுக்குப் போய்விடுவதால் அந்தப் பகுதி அநேகமாக மௌனம்தான். ஒலி சில வினாடிகள் பிந்தியும் வரும், வரைபடத்தோடு பொருத்திப் பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் பொதுமக்கள் இதைக் கேட்பது சட்டப்படி தவறு என்பதால் ஹீத்ரூ வராது.

பழைய பதிவுகள் அரை மணி அரை மணியாக, 30 நாளுக்குக் கிடைக்கும். நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், கோடைக்கால நியூயார்க் இரவு 8 மணி என்றால் மறுநாள் 0000 என்று தேட வேண்டும். அம்மா கிளம்பிய அந்த அரை மணியை அழிவதற்கு முன் இறக்கி வைத்துவிட்டேன். ஊர் போய்ச் சேர்ந்த அம்மாவுக்கு அனுப்பினேன், இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணுதான் எங்கள அனுப்பி வச்சுதா? எத்தன பேரு கூப்பிடுறாங்க, ஒருத்தர்கிட்டயும் சலிச்சுக்கலயே."