மட்கார்டைக் கொடுத்தேன், ஃபைபர் வந்தது: பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் வீட்டில் 1955ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று இருக்கிறது. தாத்தா வாங்கினார், அப்பா ஓட்டினார், நான் ஞாயிற்றுக்கிழமைகளில் துடைக்கிறேன். அதன் முன் மட்கார்டு இரண்டும் இப்போது எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கோவையில் ஒரு பட்டறையில் வண்டியோடு விட்டுவிட்டு வந்தேன். வண்டி திரும்பி வந்தது, மட்கார்டு வரவில்லை. வழக்குப் போட்டிருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை, கேட்காதீர்கள்.

மைனரில் நான்கு மட்கார்டுமே போல்ட்டில் நிற்பவை. பாடிக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே பீடிங் பட்டை ஓடும். கழற்றுவது சுலபம், மாற்றி மாட்டுவதும் சுலபம். 1948இல் வந்த முதல் மைனர்களுக்கு ஹெட்லைட் கிரில்லோடு தாழ்வாக இருந்தது. அமெரிக்க விளக்குச் சட்டத்துக்காக அதை மேலே தூக்கி மட்கார்டிலேயே வைத்தார்கள். ஆகவே எங்கள் வண்டிக்கு முன் மட்கார்டுதான் முகம்.

அந்த முகத்தில் இரண்டு காயம். வலது பக்கம், கதவுத் தூணை ஒட்டிய அடிப்பகுதியில் சேறு தங்கித் தங்கி, உள்ளேயிருந்து அரித்து, இரண்டு விரல் நுழையும் ஓட்டை. மைனர் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த இடம் அது. இடது பக்கம், 1987இல் அப்பா வீட்டு கேட் தூணில் இடித்த நெளிவு. அப்போது கிழிந்த இடத்தில் யாரோ பித்தளை வைத்து ஒட்டியிருந்தார்கள். உள்பக்கம் பார்த்தால் மஞ்சளாக ஒரு சாண் நீளக் கோடு தெரியும். அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்காரர் பேசிய பேச்சில் ஒரு பிழை கிடையாது. "அழுகின தகட்டை வெட்டி எடுத்துட்டு 20 கேஜ் தகடு வெச்சு கேஸ் வெல்டிங் பண்ணிர்றேனுங்க. நெளிவை உள்ளார டாலி (தாங்கு இரும்பு) குடுத்து மேல தட்டி எடுத்துருவோம். தகடு நீண்டு போயிருந்தா அங்கங்க பழுக்கக் காச்சி ஈரத்துணி வெச்சு சுருக்கிருவோம். பட்டி ஒரு துளி போட மாட்டேனுங்க." இடித்த தகடு நீண்டுபோகும், வெறுமனே தட்டினால் அமுக்கும்போது டப்பா மூடி மாதிரி டப்பு டப்பென்று உள்ளே போய் வெளியே வரும் என்பதெல்லாம் தெரிந்த ஆள். வேலை தெரியாதவன் என்றால் பேச்சிலேயே மாட்டியிருப்பான். இவருக்குத் தெரியும், அதுதான் என்னைக் கவிழ்த்தது.

நான்கு மட்கார்டுக்கும் பெயின்டோடு 64,000 ரூபாய். வெள்ளைத்தாளில் எஸ்டிமேட். 40,000 அட்வான்ஸ் ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்கக் கூச்சமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கூச்சத்தின் மேல்தான் கோபம் வருகிறது.

மூன்று மாதம் என்றது எட்டு மாதமானது. டிங்கர் ஊருக்குப் போயிட்டார், ஆயுத பூஜை, மழையில் பிரைமர் காயாது. நடுவில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் இரண்டு படம் வந்தது: பெயின்ட் உரித்த வெறும் தகடாக வலது மட்கார்டு, இடது மட்கார்டு. மனசு நிறைந்துபோய் குடும்பக் குரூப்பில் போட்டேன். பல மாதம் கழித்துப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இடது மட்கார்டு படத்தில் பின்சுவர் நாட்காட்டியின் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாறியிருந்தது கண்ணில் பட்டது. ஒரே படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

வண்டி வந்த அன்று கேட்கவா வேண்டும், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. மிச்சப் பணத்தோடு 'மெட்டீரியல் கூடுதல்' என்று இன்னும் 6,000 கொடுத்தேன். அம்மா எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கச் சொன்னார்.

மூன்று வாரத்தில் முன்னால் சின்ன லைட் ஒன்று மினுக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்து எலக்ட்ரீசியன் பெரியவரிடம் காட்டினேன். மைனரில் பிளஸ்தான் எர்த்து (பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேரும்) என்று சொல்லாமலே தெரிந்தவர். லைட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பாடிதான எர்த்து தம்பி, இங்க எதுக்குத் தனியா ஒயர் இழுத்திருக்கு?" என்றார். விரல் முட்டியால் மட்கார்டைத் தட்டினார். டொக். பானெட்டைத் தட்டினார். டங். கடையில் கிடந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வைத்தேன், கீழே விழுந்தது. அந்தப் பக்கம் போய் வைத்தேன், அங்கேயும் விழுந்தது.

முன் மட்கார்டு இரண்டும் தகடே இல்லை, ஃபைபர் (கண்ணாடி இழை பிளாஸ்டிக்). அதில் மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை. அதனால்தான் அந்த ஒயர். அடியில் கனமாகப் பூசியிருந்த தாரைச் சுரண்டினால் பாய் பின்னியதுபோல் ஃபைபர் இழை தெரிந்தது. பித்தளைக் கோட்டைத் தேடவே இல்லை.

பின் மட்கார்டுகள் பழைய தகடுதான், காந்தம் பிடித்தது. ஆனால் சில இடத்தில் அரைமனசாக. பழைய கார் வியாபாரி ஒருவரிடம் பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தேன். வெறும் பெயின்ட் என்றால் நூற்றுச் சொச்சம் மைக்ரான் காட்டும், இரண்டு முறை அடித்திருந்தால் முந்நூறு வரை போகலாம். எனக்கு 2,000க்கு மேல் காட்டியது. ஒரு துளி போடாத பட்டி, இரண்டு மில்லிமீட்டர். (பட்டி போடுவது பாவமில்லை. தட்டி முடித்த தகட்டில் மெல்லிசாக இழுப்பது எல்லாரும் செய்வதுதான். துருவை வெட்டாமல் மேலே பூசினால் உள்ளே அரித்துக்கொண்டே போய் ஒருநாள் பொரிந்து வரும்.)

போய்க் கேட்டேன். "ரொம்ப அழுகிப்போச்சுங்க சார், வேலைக்கு ஆகலை. உங்க நல்லதுக்குத்தான் ஃபைபர் போட்டேன். துருவே பிடிக்காதுங்க."

"பழசு எங்கே?"

"காயலாங்கடைக்குப் போட்டாச்சுங்க."

ஒரு பக்கம் இரண்டு விரல் ஓட்டையும் இன்னொரு பக்கம் ஒரு நெளிவும் மட்டுமே இருந்த மைனர் மட்கார்டை, மூன்று தலைமுறையாகத் தகடு தட்டுகிறவர் கிலோ விலைக்குப் போட்டாராம். ஃபைபர் மட்கார்டு மைனருக்கு உலகம் முழுக்கப் போடுகிறார்கள், அதில் எனக்குச் சண்டையில்லை. சொல்லிவிட்டு, அதற்கான விலை வாங்கிப் போட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்தும் இருப்பேன். ஆனால் இந்த வண்டியை 2021இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவுக்குக் கொண்டுபோக நினைத்திருந்தேன். 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், பாடியில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது அது. இனி அங்கே என்ன கேட்பார்களோ.

நீங்கள் தகட்டைக் கொடுக்கும்போது உள்விளிம்பில் யாருக்கும் தெரியாத இடத்தில் எண் பஞ்ச்சால் (எண் பதிக்கும் உளி) ஓர் அடி அடித்துவிடுங்கள். கழற்றியதும் தராசில் வைத்து எடையைப் படம் எடுங்கள். பிரைமர் அடிப்பதற்கு முன் வெறும் தகடாக நேரில் காட்ட வேண்டும், காட்டினால்தான் அடுத்த பணம் என்று முதலிலேயே பேசுங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். போகும்போது பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்தேன், பலனில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஜிபே ரசீது, எஸ்டிமேட் தாள், அந்தத் திருப்பிப் போட்ட படம் எல்லாம் இணைத்திருக்கிறேன்.

பழைய மைனர் சாமான் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள் யார் கண்ணிலாவது உள்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளைக் கோடு ஓடும் இடது முன் மட்கார்டு பட்டால், தயவுசெய்து ஒரு தகவல் போடுங்கள். என்ன விலை சொன்னாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.