சிரிஞ்சா, பேனாவா? இரண்டிலும் இன்சுலின் போட்டுப் பார்த்தவன் கணக்கு

நான்கு வருடம் சிரிஞ்சில் இன்சுலின் போட்டுக்கொண்டேன். இப்போது மூன்றாவது வருடமாகப் பேனா, அதாவது மருந்து உள்ளேயே இருக்க, அளவைத் திருகி வைத்துப் பொத்தானை அழுத்திப் போடும் ஊசிக் கருவி. எது நல்லது என்று கேட்டால் பேனா என்றுதான் சொல்வேன். ஆனால் பலரும் நினைப்பது போல வலி அதற்குக் காரணம் இல்லை.

வலியைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். பேனாவுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி கிடைக்கிறது, குத்துவதே தெரியாது. சிரிஞ்ச் ஊசி அதைவிட நீளம்; முதல் வாரம் உறுத்தும், அப்புறம் பழகிவிடும். பேனாவைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பலாம், செலவு பொதுவாகக் கொஞ்சம் கூடும். இதெல்லாம் தெரிந்த கதை.

என்னை மாற வைத்தது அளவு.

ஆரோக்கியமான உடம்பில் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும், இறங்கினால் கையை இழுத்துக்கொள்ளும். தசைக்கும் கொழுப்புக்கும் குளுக்கோஸை உள்ளே அனுப்புவது, கல்லீரல் தன் சேமிப்பை ரத்தத்தில் கொட்டாமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் இன்சுலினின் வேலை. வேலை நின்றுபோனால் உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும். உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரக்கவே சுரக்காத டைப் 1 நோயாளிக்கு அது உயிருக்கே ஆபத்து. ஆனால் ஊசியில் ஏற்றிய இன்சுலினை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. அளவு கூடிப்போனால் சர்க்கரை 70க்குக் கீழே சரிந்து கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மயக்கம்வரை போகும்.

இவ்வளவு கறாரான மருந்தை சிரிஞ்ச் எப்படி அளக்கிறது? இன்சுலினை அளப்பது யூனிட்டில்; சிரிஞ்சுக்கு யூனிட் தெரியாது, கன அளவுதான் தெரியும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. 40 சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. அதே கோடு வரை 100 குப்பியிலிருந்து இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், அதாவது இரண்டரை மடங்கு.

ஒருமுறை வெளியூரில் குப்பி தீர்ந்துபோய், அவசரத்தில் புதிது வாங்கினேன். பழக்கதோஷத்தில் சிவப்பு மூடியைக் கழற்றி, 20 வரை இழுத்து, குமிழி தட்டிவிட்டு, சட்டையைத் தூக்கியும் ஆகிவிட்டது. காலி அட்டையைக் குப்பையில் போடப் போனபோதுதான் அதிலிருந்த 100 கண்ணில் பட்டது. கடைக்காரர் சொல்லவில்லை, நானும்தான் கேட்கவில்லை. அன்றைக்கு ஊசியைப் பிடித்திருந்த கை கொஞ்ச நேரம் நடுங்கியது, சர்க்கரை குறையாமலேயே.

பேனாவில் இந்தத் தலைவலி இல்லை. 20 என்று திருகினால் 20 யூனிட்தான். 200, 300 யூனிட் அடர்த்தியில் வரும் பேனாக்களிலும் அப்படித்தான். எவ்வளவு மருந்து தள்ள வேண்டும் என்ற கணக்கை அதுவே பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் பேனாவிலிருந்து சிரிஞ்சால் மருந்தை உறிஞ்சி எடுக்கக் கூடாது. எடுத்தால் பழைய வம்பு இன்னும் பெரிதாகத் திரும்பி வரும்.

பேனாவுக்கும் பராமரிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் புது ஊசி, 2 யூனிட் வெளியே தள்ளி நுனியில் சொட்டு வருகிறதா என்ற சோதனை, குத்தியபின் மெதுவாகப் பத்து வரை எண்ணுவது. முதல் மாதம் சோம்பேறித்தனத்தில் ஊசியைக் கழற்றாமலே மூடி வைத்தேன். உள்ளே காற்று புகுந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் எண் மட்டும் 0க்கு வந்தது, மருந்து முழுசாக இறங்கவில்லை. காலையில் சர்க்கரை ஏறியிருந்ததன் காரணம் புரிய இரண்டு நாள் ஆனது.

இன்னொன்று, திறந்த இன்சுலின் பெரும்பாலும் 28 நாள்தான். தினம் ஒரு வேளை 10 யூனிட் போடுகிறவருக்கு, சோதனைச் சொட்டையும் சேர்த்து, 300 யூனிட் பேனா 25 நாளில் தீர்ந்துவிடும். 1000 யூனிட் குப்பி வாங்கினால் முக்கால்வாசி குப்பைக்குத்தான் போகும். வேளைக்கு 40, 50 போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழாக மாறும்.

ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி விழுவதும், கட்டியில் போட்ட மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராததும் இரண்டிலும் ஒன்றுதான். தெளிந்த இன்சுலினையும் கலங்கிய இன்சுலினையும் தன் அளவுக்கு ஏற்ப ஒரே ஊசியில் கலந்து போடுகிறவர்களுக்கு சிரிஞ்சை விட்டால் வழியில்லை. நான் அப்படிப் போட்டதில்லை, அவர்களிடம் பேனாவுக்கு மாறச் சொல்லவும் மாட்டேன்.

உடம்பில் மாட்டிக்கொண்டு குழாய் வழியாக நாள் முழுக்க இன்சுலின் ஏற்றும் பம்பை நான் போட்டுப் பார்த்தவனில்லை. அதில் ஓடுவது விரைவாக வேலை செய்து விரைவாகத் தீரும் இன்சுலின் மட்டும் என்பதால், குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே சர்க்கரையும் கீட்டோனும் ஏறத் தொடங்கும். பம்ப் வைத்திருப்பவர்களும் கைவசம் ஒரு பேனாவோ சிரிஞ்சோ வைத்திருக்க வேண்டும். என் பையிலும் பேனா மக்கர் செய்தால் இருக்கட்டும் என்று ஒரு குப்பியும் இரண்டு சிரிஞ்சும் கிடக்கின்றன. குப்பி 100, மூடி ஆரஞ்சு. இரண்டையும் ஒரே ரப்பர் வளையத்தில் சுற்றி வைத்திருக்கிறேன்.